பன்னிரண்டில் மூன்று

ஏழாம் வாரம், புதன், மணி மூன்றே கால்.
ஆறாவது கவுண்டரில் எழுபத்திரண்டாம் எண் நான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புவான் ரொஸ்மீரா
நகத்தால் திரையைத் தட்டி
நீங்கள்தானே இது, என்கிறார்.
திரையில் என் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு
‘ஹேமாஷி’ என்று நிற்கிறது.
கட்டத்தில் இடம் போதவில்லையாம்.
நான்தான், என்றேன்.

போன வாரம் புள்ளியியலை விட்டேன்.
மலாயில் அதற்கு ‘குகுர்’.
இலை உதிர்ந்தாலும் குகுர்,
போரில் ஒருவன் சாய்ந்தாலும் குகுர்,
திங்கள் காலை எட்டு மணி வகுப்புக்கு
ஒருத்தி வராமல் போனாலும் அதேதான்.

கெலுகோர் பெட்ரோல் நிலையத்தில்
இரவு பத்திலிருந்து விடிய ஆறு வரை,
வாரத்தில் நான்கு நாள்.
மிஸ்டர் கோர் நிகழ்தகவு சொல்லித்தர
காசைச் சுண்டினார் ஒரு நாள்.
அது மேலே போனது தெரியும்.
பூவா தலையா, இன்றுவரை தெரியாது.

இணையப் படிவம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது:
உறுதியா?
விடிகாலை ஆறே காலுக்கு
எதைக் கேட்டிருந்தாலும் உறுதி என்றுதான்
சொல்லியிருப்பேன்.

பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது.
தமிழ்ப்பள்ளி ஒன்றாம் ஆண்டில்
விரல் போதாமல் பக்கத்துப் பையனின்
இரண்டு விரலைக் கடன் வாங்கிப் படித்தது.
பன்னிரண்டில் மூன்று போனால் சுழியம்.
இது புவான் ரொஸ்மீராவின் கவுண்டரில் படித்தது.
பன்னிரண்டு கிரெடிட் இருந்தால்தான் முழுநேர மாணவி,
முழுநேர மாணவிக்குத்தான் உதவித்தொகை.
ஒன்பது கிரெடிட்காரி
யாருடைய பட்டியலிலும் இல்லை.

அடுத்த தவணை வராது, என்றார்.
வந்த தவணையிலும் ஒரு பங்கு திரும்ப வேண்டும், என்றார்.

வந்த தவணை
இப்போது அறை வாடகையாக இருக்கிறது.
பின்பக்கம் தேயாத ஒரு ஜோடி சப்பாத்தாக இருக்கிறது.
தம்பி யுகேஷின் மூக்கில் கண்ணாடியாக இருக்கிறது.
கரும்பலகையைப் பார்த்து
அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது
எப்படிக் கழற்றிக்கொண்டு வருவது?

விட்ட பாடத்துக்குக் கட்டிய காசு?
ஆறாம் வாரத்தோடு முடிந்தது, அது திரும்பாது.
ஓ, என்றேன்.
வேறு எந்த மொழியிலும்
அதைவிடச் சின்னதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை.
இழுப்பறையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாய் தந்தார்.
மேல்முறையீட்டுத் தாளும் தந்தார்.
காரணம் எழுதப் பத்துக் கோடு,
வேலை பார்ப்பதற்கு முதலாளியின் அத்தாட்சிக் கடிதம்.

கையெழுத்துப் போட்ட முதல் ஒப்பந்தத்தில்,
ஏழாம் பத்தி என்று நினைவு,
படிக்கும் காலத்தில் வேறு வேலை பார்ப்பதில்லை
என்று சொல்லியிருக்கிறேன்.
மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து
அந்தக் கன்னத்துக்கு மாற்றினேன்.
எழுபத்து மூன்று, என்றது ஒலிபெருக்கி.

பஸ்ஸில் அப்பாவுக்குச் செய்தி எழுதினேன்:
“எல்லாம் சரிப்பா. ஒரு பாடம் குறைத்திருக்கிறேன்,
கொஞ்சம் தூங்கலாமென்று.”
“நல்லது மா,” என்று பதில் வந்தது.
பிறை தொழிற்பேட்டையில் லாரியை ஓரங்கட்டித்
தட்டியிருப்பார், ஒற்றை விரலால்.

இரவு, மணி இரண்டு.
சிவப்பு மோட்டார்காரன் ஒருவன்
பன்னிரண்டு வெள்ளி வைத்துவிட்டுப் போனான்.
திரும்பி வந்து
டேங்க் ஒன்பதிலேயே நிரம்பிவிட்டது, என்றான்.
மூன்று வெள்ளியை எடுத்து நீட்டினேன்.
படிவம் இல்லை. உறுதியா என்று கேட்கவில்லை.
ஒன்பது வெள்ளி எண்ணெயோடு அவன்
முழு வண்டியாகவே போனான்,
ஜெலுத்தோங் பக்கம்.

கல்லாவுக்கு அடியில் அந்தத் தாள்.
முதல் கோட்டில் ‘ஐயா’ என்று எழுதி
அடித்து, ‘அம்மையீர்’ என்று எழுதி
அதையும் அடித்திருக்கிறேன்.
மிச்சம் ஒன்பது கோடு.